ஆற்றுக்கு யார் பத்தியம் இருப்பது?

மாங்காட்டில் எங்கள் தெருவுக்குப் புதனும் ஞாயிறும் மீன் வரும். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, இரண்டு பஸ் மாறி, அன்னக்கூடையைத் தலையில் சுமந்து வருகிற அக்காவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பத்து வருடமாக அவரிடம்தான் வாங்குகிறேன். போன ஆவணியில் மூன்று வாரம் தொடர்ந்து, "இன்னைக்கு வேணாங்க்கா" என்று சொல்லி அனுப்பினேன். நாலாவது முறை அவர் கூடையை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டார்.

"இன்னா டீச்சரு, புரட்டாசியே இன்னும் பொறக்கல. அதுக்குள்ள சைவமாயிட்டியா? இல்ல, என் மீனு மேல எதுனா கொறையா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம் வீட்டுக்குள் இருந்தது. என் அக்கா மகள் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் அவள் கையில் ஓர் அச்சடித்த சீட்டைக் கொடுத்திருந்தார்கள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியல். அதில் ஒரு வரி: 'மீன் தவிர்க்கவும். பாதரசம், ஈயம்.' அந்தச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தவள் நான்தான். ஒட்டும்போது ஒரு பொறுப்பை நிறைவேற்றிவிட்ட நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இந்தக் கட்டுரையில் விசாரிக்க நினைக்கிறேன்.

ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரிநீர் குன்றத்தூர் வழியாக அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர் வழியாகக் கடலுக்குப் போகிறது. வடக்கே திருவேற்காடு வழியாகக் கூவம். பூந்தமல்லி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் என்று சுற்றிலும் பட்டறைகள், தொழிற்பேட்டைகள். கொஞ்சம் தெற்கே போனால் குரோம்பேட்டை. குரோம் தோல் பதனிடும் கம்பெனியால் வந்த பெயர் அது. ஓர் உலோகத்தை ஊர்ப்பெயராகவே சுமக்கிறோம் என்பதை நாற்பது வயது வரை நான் யோசித்ததில்லை.

உலோகங்களோடு நமக்குச் சமையலறை உறவும் உண்டு. ஈயச் சொம்பில் ரசம் வைத்தவள் என் பாட்டி. அந்த ஈயம் வெள்ளீயம். பேட்டரியிலும் பழைய பெயின்டிலும் இருப்பது காரீயம். பாட்டிகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆற்றில் கலப்பது காரீயம். அதோடு முலாம் பூசும் பட்டறைகளின் நிக்கல், குரோமியம். நிலக்கரிச் சாம்பலின் ஆர்செனிக், காட்மியம், பாதரசம். இவற்றைக் கன உலோகங்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இவற்றின் சிக்கல் எளிமையானது: இவை மக்குவதில்லை. சாக்கடை நீரிலிருக்கும் கழிவை ஆறு காலப்போக்கில் செரித்துவிடும். ஈயத்தை எந்த ஆறும் செரிக்காது. அது வண்டலில் படியும், புழுவுக்குள் போகும், மீனுக்குள் போகும். பாதரசத்தை வண்டலிலுள்ள நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சின்ன மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்குப் போகும்போது கூடிக்கொண்டே போகிறது. தசையோடு பிணைந்திருப்பதால் மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, எவ்வளவு கொதித்தாலும் போகாது.

சென்னையில் இதன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எண்ணூருக்குப் போக வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் அது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் வழியில் கசிந்து, ஆற்றுப்படுகையில் சாம்பல் மேடாகப் படிந்தது. மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த நிபுணர் குழு, நீரிலும் வண்டலிலும் மீனிலும் கன உலோகங்கள் இருப்பதைக் கண்டது. 2022 ஜூலையில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மின் உற்பத்திக் கழகத்தைப் பொறுப்பாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் அதே கழிமுகத்துக்கு வந்தது.

அந்தக் கழிமுகத்தில் பெண்களும் மீன் பிடிக்கிறார்கள். படகும் வலையும் இல்லாதவர்கள் சேற்றில் இறங்கி, இரு கையாலும் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள்; பிடித்ததைப் பறியில் போடுவார்கள். இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கும் உடல்கள் அவை. மீனைத் தின்பவர்களின் உடலைப் பற்றி நாம் பேசுகிறோம். ஆற்றுக்குள்ளேயே நின்று வேலை செய்கிற உடலைப் பற்றி என் குளிர்சாதனப் பெட்டிச் சீட்டில் ஒரு வரியும் இல்லை.

இனி என் கதை.

என் மகளுக்கு மூன்று வயதாகும் வரை பேச்சு வரவில்லை. ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் கணவரும் உட்கார்ந்திருந்தோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு: "மாசமா இருக்கும்போது என்னம்மா சாப்பிட்டீங்க?" நான் மீன் சாப்பிட்டதைச் சொன்னேன். வாரம் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். மழைக்காலத்தில் ஏரிக் கலங்கலில் பிடித்த கெண்டையும் கெளுத்தியும்கூட. அவர் எதுவும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். அந்த எழுத்து என் மேல் எழுதப்பட்டதாகவே பட்டது.

கணவர் அப்போது ஒரு பேட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்தார். மாலையில் சாம்பல் நிறத் தூசி படிந்த சட்டையோடு வருவார். நான்தான் கையால் துவைப்பேன், வயிற்றில் பிள்ளையோடும் துவைத்தேன். ஈயத் தூசி உடுப்போடு வீட்டுக்கு வரும் என்பது மருத்துவத்துக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அவரிடம் மருத்துவர் எதுவும் கேட்கவில்லை. எங்கே வேலை, என்ன வேலை என்றுகூட.

மகள் நாலு வயதில் பேசினாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு; பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் மன்றாட வேண்டியிருக்கிறது. அந்தத் தாமதம் மீனால் வந்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. தூசியால் வந்தது என்று சொல்லவும் இல்லை. எத்தனையோ குழந்தைகள் காரணமே தெரியாமல் தாமதமாகப் பேசுகிறார்கள். ஆனால் சான்று இல்லை என்பது என்னைக் காப்பாற்றவில்லை. மாமியார் வீட்டில், "நாக்கை அடக்கியிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். அதற்கு முன்பே நானே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்துதான் என் கேள்வி பிறந்தது. ஓர் ஆலையைக் குற்றவாளி என்று சொல்ல மாதிரிகள் வேண்டும், ஆய்வகம் வேண்டும், குழு வேண்டும், தீர்ப்பு வேண்டும். ஒரு தாயைக் குற்றவாளி என்று சொல்லச் சந்தேகம் போதும். ஒரே நஞ்சுக்கு ஏன் இரண்டு நீதிமுறைகள்?

இந்த இரட்டை நீதி எவ்வளவு காலம் ஓடக்கூடியது என்பதற்கு ஜப்பானின் மினமாட்டாவே சாட்சி. அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. பூனைகள் நடனமாடுவதுபோல் வலித்துச் செத்தன. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959இல் ஆலையின் சொந்த மருத்துவரே கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்து, அதே நோய் வந்ததைக் கண்டார். ஆலை அதை வெளியே விடவில்லை. அதே வருடம், பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் அனுதாபத் தொகை கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல். இடையில் பன்னிரண்டு வருடம். அந்த அனுதாப ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கே எதிரானது, செல்லாது என்று 1973இல் நீதிமன்றம் சொன்னது.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அங்கே குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. கழுத்து நிற்காத, கைகால் முறுக்கிய குழந்தைகள். தாய்மார்கள், "நான் தின்ற மீன்தான் இவளுக்குள் போயிருக்கிறது" என்றார்கள். மருத்துவர்கள் ஏற்கவில்லை. நச்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும், தாய்க்குப் பெரிய நோய் இல்லாமல் பிள்ளைக்கு மட்டும் எப்படி வரும் என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. 1962இல்தான் இது பிறவிலேயே வந்த மினமாட்டா நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஹராடா மசஸூமி என்ற மருத்துவர் தாய்மார்களின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டவர். ஜப்பானில் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் வழக்கம் உண்டு. அவற்றை வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். மெத்தில் பாதரசம் இருந்தது.

இதைப் படித்த அன்று என் பீரோவைத் திறந்தேன். நம் வீடுகளிலும் தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்துக்குள் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுகிறோம். என் மகளுடைய தாயத்து நகைப்பெட்டியின் மூலையில், பஞ்சில் சுற்றி இருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அதைச் சோதிக்கக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. பெண்கள் பாசத்துக்காகச் சேர்த்து வைத்தது, ஆலையும் அரசும் மறைத்ததற்குச் சாட்சியாக நின்றது. அங்கே தாய் முதல் சாட்சி. இங்கே அவளை முதல் குற்றவாளியாக உட்கார வைக்கிறோம்.

இன்னொரு ஜப்பானிய ஆறு, ஜின்சு. மேலே சுரங்கம், கீழே நெல் வயல். சுரங்கக் கழிவின் காட்மியம் ஆற்றோடு வந்து அரிசிக்குள் போனது. அந்த நோய்க்கு மக்கள் வைத்த பெயர் இத்தாய் இத்தாய். 'வலிக்குது வலிக்குது' என்று அர்த்தம். சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினால்கூட விலா உடையும். ஆணும் பெண்ணும் அதே சோற்றைத்தான் தின்றார்கள். ஆனால் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற, பல பிள்ளைகள் பெற்ற பெண்கள்.

காரணம் ஒழுக்கமோ விதியோ அல்ல, உடலின் கணக்கு. இரும்புச்சத்து குறைந்த உடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். கடைசியில் உட்கார்ந்து, மிச்சத்தைத் தின்று வந்த இரத்தசோகை. எங்கள் வீட்டில் நடுத்துண்டு ஆண்களுக்கு. தலையும் குழம்பும் எங்களுக்கு. இப்படி ஏற்கெனவே ஓர் அநீதியால் மெலிந்த உடலுக்குள் இரண்டாவது அநீதி சுலபமாக நுழைகிறது. ஆறு ஒன்றுதான். ஆனால் அது எல்லா உடலுக்குள்ளும் ஒரே அளவில் பாய்வதில்லை.

ஈயத்தின் கதை இன்னும் நீளமானது. உடலுக்குள் போன ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் தங்குகிறது, பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பிள்ளைக்காக எலும்பு கரையும்போது அதுவும் சேர்ந்து வெளியே வருகிறது. ஒரு பெண் சிறுமியாகத் தெருவில் விளையாடிய காலத்தில் வாங்கிய ஈயம் அவள் பிள்ளைக்குப் போகலாம். அப்படியானால், "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்வி மனிதத்தன்மையில் மட்டுமல்ல, அறிவியலிலும் குறையுள்ளது. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அவள் ஊரின் காற்றிலும் நீரிலும் என்ன கலந்தீர்கள் என்றல்லவா கேட்க வேண்டும்? அதை அவளிடம் கேட்க முடியாது. வேறு யாரிடமோ கேட்க வேண்டும்.

'அனுமதிக்கப்பட்ட அளவு' என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. யார் அனுமதித்தது? என்னிடம் யாரும் கேட்கவில்லை. மெத்தில் பாதரசத்துக்கு உலக அளவிலான நிபுணர் குழு 2003இல் வகுத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், கருவிலிருக்கும் சிசுவை மனதில் வைத்து அதைக் கணக்கிட்டார்கள். ஈயத்துக்கு இருந்த வரம்பை அதே குழு 2010இல் திரும்பப் பெற்றது, பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க எந்த அளவையும் காட்ட முடியாது என்பதால். எண்கள் தேவை, அவை இல்லாமல் வழக்காட முடியாது. ஆனால் எந்த எண்ணும் ஓர் உடலைக் கற்பனை செய்துகொண்டுதான் பிறக்கிறது. சேற்றில் இறால் தடவிவிட்டு வந்து, விற்காத மீனையே இரவில் குழம்பு வைக்கிற இரத்தசோகைக்காரியின் உடலைக் கற்பனை செய்த எண் எது?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அப்படியானால் கர்ப்பிணிகளிடம் எதுவும் சொல்லக் கூடாதா? தாயின் மனம் புண்படும் என்று உண்மையை மறைப்பதா?

சொல்ல வேண்டும். அறியாமல் வைத்திருப்பது இன்னொரு அநீதி. மினமாட்டாவில் நடந்ததே அதுதான். எச்சரிக்கும் அறிவு நமக்கு அந்நியமும் அல்ல. பத்தியம் என்ற சொல்லை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது, எந்த மீன் பால் சுரக்க வைக்கும் என்ற அறிவு அது. பால் சுறாப் புட்டு இல்லாத பிள்ளைப்பேறு எங்கள் வீட்டில் நடந்ததில்லை. ஆனால் பத்தியத்துக்கு ஒரு நியாயம் உண்டு. நோய் யாருக்கோ, பத்தியமும் அவருக்கே. அல்லது அவர் பாலைக் குடிக்கும் பிள்ளைக்காக. இப்போது நோய் ஆற்றுக்கு. நோயை உண்டாக்கியவர்கள் வேறு யாரோ. பத்தியம் மட்டும் என் அக்கா மகளுக்கு.

மேலும், அறிவு முழுமையாகச் சொல்லப்படும்போதுதான் அறிவு. 'மீன் தவிர்க்கவும்' என்பது அரைகுறை அறிவு. 2010இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய நிபுணர்கள், கர்ப்பிணிகள் மீன் சாப்பிடுவதால் சிசுவின் மூளை வளர்ச்சிக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலான சூழல்களில் பாதரசத்தின் ஆபத்தைவிடக் கூடுதல் என்றே சொன்னார்கள். சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம். நெத்திலி, கவலை போன்ற சின்ன மீன்களில் பொதுவாகக் குறைவு. என் பாட்டியின் சுறாப் புட்டை இந்த அறிவு திருத்துகிறது, நான் ஏற்கிறேன். ஆனால் எந்த மீன், எந்த நீர், எவ்வளவு என்று சொல்வது பெண்ணைச் சிந்திக்கத் தெரிந்தவளாக மதிப்பது. மொத்தமாக விலக்கு என்பது அவளுக்கு ஓர் உத்தரவு. அந்த உத்தரவைக் கொடுத்தவரின் வேலை அதோடு முடிந்துவிடுகிறது. இரத்தசோகைக்காரியின் தட்டிலிருந்து மலிவான புரதத்தையும் எடுத்தாயிற்று, ஆறும் அப்படியே.

எங்கள் ஊரில் இது இன்னும் இயல்பாகத் தோன்றும். மாங்காட்டு அம்மன் தீக்கு நடுவே ஒற்றைக்காலில் தவம் நின்றவள். எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் கோயிலுக்கு வரும் பெண்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். என் அக்காவும் மகளுக்காக வேண்டிக்கொண்டு வந்தவள்தான். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பெண்ணின் தவத்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று பழகிப்போன ஒரு சமூகத்துக்கு, ஆற்று மாசையும் அவள் விரதத்தால் சரிக்கட்டுவது விசித்திரமாகப் படாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பில் ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழாம் பாட்டில் பாணர் மகள் ஒருத்தி வட்டியில் கெளிற்று மீன் கொண்டுவருகிறாள். வீட்டுக்காரி அதே வட்டி நிறையப் பயறு கொடுத்தனுப்புகிறாள். இரண்டு பெண்களுக்கு நடுவே, ஒரு வாசலில், உணவு கைமாறுகிறது. பாட்டின் வழக்கு அவர்களைப் பற்றியதல்ல, தலைவன் சொல்லும் பொய்யைப் பற்றியது. வகுப்பு முடிந்ததும் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி என்னிடம் வந்தாள். "எங்க ஊரு மீன்னு சொன்னா இப்பல்லாம் யாரும் வாங்க மாட்டாங்க மேம். எங்கம்மா காசிமேடுன்னு சொல்லித்தான் விப்பாங்க. அது தப்பா மேம்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. வாங்குகிறவளுக்கு உண்மை தெரிய உரிமை உண்டு. அவள் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். அதனால் அது தப்புதான் என்று முடிவில் சொன்னேன். ஆனால் அந்தப் பொய்யை அந்த அம்மாவின் வாயில் வைத்தது யார்? ஆற்றைக் கெடுத்தவர்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்க, மீன் விற்பவள் ஊரை மறைக்க வேண்டியிருக்கிறது. அவளிடம் வாங்காமல் போகிற நானும் என் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டதாக நினைக்கிறேன். நான் வாங்காத மீன் ஆற்றுக்குத் திரும்பிப் போகாது. அதை மலிவாக வேறொருத்தி வாங்குவாள், அல்லது விற்றவளே தின்பாள். என் வீட்டில் ஓர் ஆபத்து குறைந்திருக்கலாம். நஞ்சு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. என்னைவிட எளியவளின் தட்டுக்கு.

சட்டத்தில் ஒரு வழி எப்போதோ திறந்திருக்கிறது. பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்ததைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்பாட்டை நிலைநாட்டியது. தீங்கு நேரும் என்று நிரூபிப்பது பாதிக்கப்பட்டவரின் வேலை அல்ல. தீங்கு நேராது என்று நிரூபிப்பது தொழில் நடத்துபவரின் வேலை. நம் ஊர் ஆறு ஒன்றின் குரோமியத்திலிருந்து பிறந்த தீர்ப்பு அது. நடைமுறையில் அது எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதைக் கொடைக்கானலும் சொல்லும். தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தோடு வேலை செய்த 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். ஆனாலும் கோட்பாடு இருக்கிறது. நிரூபிக்கும் சுமையை நீதிமன்றம் ஆலையின் பக்கம் திருப்பி வைத்துவிட்டது. நம் வீடுகள் இன்னும் திருப்பவில்லை. அங்கே பிள்ளை கொஞ்சம் தாமதமாகப் பேசினால், தான் குற்றமற்றவள் என்று இன்றும் தாய்தான் நிரூபிக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அந்தச் சீட்டில் இன்னும் இரண்டு வரி அச்சிட வேண்டும்: இந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது, அதைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது. மீன் எங்கே இறங்குகிறதோ அங்கே, எந்த நீரின் மீன் எப்போது சோதிக்கப்பட்டது, என்ன இருந்தது என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கழிமுகம் கெட்டதால் விற்க முடியாதவளுக்கு இழப்பைக் கெடுத்தவர் கொடுக்க வேண்டும். மருத்துவர் அப்பாவிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

வாசலில் கூடையோடு நின்ற அக்காவிடம் அன்று உண்மையைச் சொன்னேன். உள்ளே போய்ச் சீட்டையும் எடுத்து வந்தேன். அவர் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு, "படி, கேக்கறேன்" என்றார். படித்தேன். கேட்டுவிட்டு, கூடையிலிருந்த ஈரச் சாக்கை விலக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். "இது கடல் நெத்திலி. இது சங்கரா. இந்த மடவ மட்டும் மொகத்துவாரத்துது, உனக்கு வேணாம்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எம் மருமவளுக்கும் ஆறு மாசம். விக்காதது எல்லாம் எங்க வூட்டுக் கொழம்புதான். அவளுக்கு யாரும் இந்தச் சீட்டு குடுக்கலியே டீச்சரு. குடுத்தா மட்டும், நாங்க இன்னாத்த துன்றது?"

அரைக் கிலோ நெத்திலி வாங்கினேன். சீட்டை நகலெடுத்து, எந்த மீன் ஆகும், எந்த மீன் ஆகாது என்று பேனாவால் திருத்தி, அடுத்த ஞாயிறு அவரிடம் கொடுத்தேன். அவருடைய கடைசிக் கேள்விக்கு அதில் பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அந்த வாரமே அக்கா மகளும் நானும் உட்கார்ந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினோம். அடையாறு, கூவம், கொசஸ்தலை மீன்களைக் கன உலோகங்களுக்காகக் கடைசியாகச் சோதித்தது எப்போது, முடிவை எந்த மீன்பிடித் துறையில், எந்தச் சந்தையில் மக்களுக்கு அறிவித்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். பத்து ரூபாய் ஸ்டாம்பை ஒட்டியது அவள்தான். நேற்றுத் தபாலில் சேர்த்தோம். சீட்டு இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. மனுவின் நகலையும் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.